மண்டபத்துக்காகக் கதவு தட்டிய அண்ணா

எங்கள் அண்ணா சாவகச்சேரிக்கு அருகே ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். ஐயாவின் மறைவுக்குப் பின் படிப்பை விட்டு எங்களைத் தாங்கினார். எண்பதுகளில் நோர்வேக்கு வந்து, வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் ஆறு ஆண்டுகள் நின்றபடியே மீன் வெட்டினார். அந்த உழைப்பில்தான் தங்கை என்னையும் இங்கே எடுப்பித்தார். பிறகு ஒஸ்லோவின் கிழக்குப் புறநகரில் குடியேறி, பஸ் கழுவும் வேலை செய்தார். இவை உறவுகள் அறிந்தவை. அறியாத ஒன்றை இந்த நினைவு மலரில் எழுதச் சொல்லி அண்ணி கேட்டார். எனக்கு எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணாவுக்கு ஐஸ் ஹொக்கி என்றால் உயிர். ஆனால் சறுக்குச் சப்பாத்தை ஒரு நாளும் காலில் போட்டதில்லை. அவருடைய மகன் சிறுவர் அணியில் சேர்ந்தபோது, பெற்றோர் முறைவைத்து, எங்கள் புறநகர் ஐஸ் மண்டபத்துத் தேநீர்க்கடையில் சம்பளமில்லாமல் நிற்க வேண்டும் என்றார்கள். “இது எங்கடை சிரமதானமெல்லே!” என்று போனவர், மகன் விளையாட்டை விட்ட பிறகும் கடையை விடவில்லை. நொர்வேஜியரின் வாஃபல் அப்பத்துக்குப் பக்கத்தில் அண்ணி சுட்ட மட்டன் ரோல்ஸையும் வைத்தார். சம்பளத்துக்கு விளையாடும் முதலாம் அணியின் ஆட்ட நாட்களில், முதல் இடைவேளையிலேயே ரோல்ஸ் முடிந்துவிடும்.

இரண்டாயிரத்துக்குப் பின் ஒரு குளிர்காலத்தில், முதலாம் அணியின் ஆட்டங்களை நகர நடுவிலுள்ள பெரிய மண்டபத்துக்கு மாற்றக் கழக நிர்வாகம் யோசித்தது. அதில் நியாயமும் இருந்தது. எல்லா ரயில்களும் அங்கே போகும். வேலை முடிந்தவர்கள் நேரே வரலாம். இங்கேயோ கால் விறைக்கப் பலகை வாங்குகளில் உட்கார வேண்டும். பரீட்சார்த்தமாக ஓர் ஆட்டத்தை அங்கே வைத்தார்கள். அண்ணா என்னையும் கூட்டிப் போனார். சனம் நிறைந்திருந்தது. அவரோ ஐஸைப் பார்க்காமல், கலியாண வீட்டில் யார் வரவில்லை என்று தேடுபவர்போல வரிசை வரிசையாகப் பார்த்தார்.

“ஆர்னவைக் காணேல்லை. பொல்லு ஊண்டி வாற அந்த மனுசியையும் காணேல்லை.”

“சனம் நிறைஞ்சுதானே கிடக்கு, அண்ணா.”

“சனம் கிடக்கு. எங்கடை ஆக்கள் எங்கை?”

ஆர்ன என்பவர் ஓய்வுபெற்ற ட்ராம் சாரதி. மனைவியை இழந்து தனியாக இருந்தவர். எங்கள் மண்டபத்துக்கு நடந்தே வருவார். முழங்கால் வருத்தத்தோடு ரயில் மாறி நகரத்துக்குப் போக அவரால் முடியாது.

முடிவெடுக்கும் கூட்டத்துக்கு இரண்டு கிழமை இருந்தது. பருவம் முழுவதுக்குமான ஆட்டச் சீட்டு வைத்திருப்பவர்கள் வாக்களிக்கலாம் என்று கடிதம் வந்தது. “கடுதாசியைப் பாத்து ஆர் வருவினம்? வீட்டை போய்ச் சொல்லோணும்” என்றார் அண்ணா. அண்ணிக்கு மாலை வேலை. கலியாணத்துக்குச் சொல்ல இருவராகப் போவதுதானே முறை என்று என்னை இழுத்துக்கொண்டு போனார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“போன் எடுத்துச் சொல்லலாமே, அண்ணா?”

“கலியாணத்துக்குப் போனிலை சொன்னா நீ போவியே? ரெண்டு வருசம் கதைக்காமல் இருப்பாய்!”

நாங்கள் போனது மாலை ஐந்து மணிக்கு. நொர்வேஜியர் சாப்பிடும் நேரம். முன்கூட்டிக் கேட்காமல் எவரும் எவர் வீட்டுக்கும் போகாத நாடு இது. முதற் கதவு ஆர்னவுடையது. தலையை நீட்டி, “எதுவும் வேண்டாம், நன்றி” என்று சாத்திவிட்டார். அண்ணா மறுபடியும் தட்டினார்.

“நான் விற்க வரவில்லை. உங்களுக்குக் கோப்பி ஊற்றுகிறவன்.”

கதவு முழுதாகத் திறந்தது. “ரோல்ஸ்காரனா! தட்டு இல்லாமல் உன்னை அடையாளம் தெரியவில்லை” என்று சிரித்தார் ஆர்ன.

யார் எந்த மாடிக் கட்டடத்துக்குள் நுழைவார் என்பது அண்ணாவுக்கு மனப்பாடம். மூன்று மாலைகளில் நாற்பதுக்கு மேற்பட்ட கதவுகள். சிலர் முகத்தில் அடித்தாற்போலச் சாத்தினார்கள். சிலர் உருளைக்கிழங்கோடு மீனும் தந்து உட்கார வைத்தார்கள்.

கூட்டத்தில் பின்சுவர்வரை ஆட்கள் நின்றார்கள். தலைவர் நகர மண்டபத்தின் படங்களைக் காட்டி முடித்ததும் அண்ணா எழுந்தார். அவருடைய நொர்வேஜிய மொழி தட்டுத்தடுமாறும். அன்று அவர் சொன்னது இதுதான்: “அது வடிவான மண்டபம். நானும் பார்த்தேன். ஆனால் இங்கே ஒருவர் வராவிட்டால், பக்கத்து வாங்கில் இருப்பவர் ஏன் என்று கேட்பார். அங்கே யார் கேட்பார்?”

பெரிய ஆட்டங்கள் மட்டும் நகரத்தில், மற்றவை எல்லாம் புறநகரில் என்று முடிவாயிற்று. அண்ணாவுக்கு இரண்டும் சந்தோஷம். பெரிய ஆட்டத்துக்குக் கழகச் சால்வை போட்டு மாப்பிள்ளைபோலப் போவார், ஆர்னவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு.

கடந்த மாதம் அண்ணா எங்களை விட்டுப் பிரிந்தார். மூன்றாம் நாள் மாலை, சரியாக ஐந்து மணிக்கு அண்ணா வீட்டு அழைப்புமணி அடித்தது. பொல்லூன்றி ஆர்னவும், அவர் பின்னால் அந்த வாங்குகளின் ஆட்களும் படிவரை நின்றார்கள். கையில் வாஃபல் பெட்டிகள்.

“போன் செய்யாமல் வந்துவிட்டோம். உன் அண்ணா அப்படித்தானே வந்தார்” என்றார் ஆர்ன.

மருத்துவர்கள், தாதியர், சமைத்துத் தந்த அயலவர், தூர இடங்களிலிருந்து வந்த உறவுகள், அண்ணாவைச் சுமந்த தோள்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு யாருக்காவது சொல்ல மறந்திருந்தால், கோபித்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். வந்து கதவைத் தட்டிக் கேளுங்கள். அண்ணாவின் வீட்டுக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரத் தேவையில்லை.

அன்புத் தங்கை