பஜனை மைக் செட்டுக்கு நான் போட்ட கையெழுத்து

வேலை கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்ட பத்தே நாளில் அது கையை விட்டுப் போகப் பார்த்தது. அதுவும் முருகனுக்காக நான் செய்த ஒரு காரியத்தால். நம் முருகன் பஜனை மண்டலியில் எல்லோரும் "உன் அனுபவத்தை எழுதிக் குடுடி" என்று மாதக்கணக்காகக் கேட்கிறீர்கள். எழுதினால் உங்களையும் சேர்த்துத் திட்டும்படி ஆகிவிடுமே என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இப்போதும் எழுத அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நன்றி சொல்லாமல் இருப்பது தப்பு.

மண்டலிக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நான் மீனாட்சி. பவானிபூரில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ஒரு தேயிலைக் கம்பெனியில் குமாஸ்தா. நான் கல்லூரி முடிப்பதற்குள் போய்விட்டார். வீட்டில் அம்மாவும் நானும்தான். ஆறு வருடம் ஜாதவ்பூர் பக்கம் வீடு வீடாகப் போய்க் கணக்கு டியூஷன் எடுத்தேன். கூடவே வங்கி அதிகாரி பரீட்சை. எழுத்தில் தேறுவேன், நேர்முகத்தில் விழுவேன். மறு வருடம் எழுத்திலேயே விழுவேன். முப்பது வயது தாண்டினால் அந்தப் பரீட்சையே எழுத முடியாது. போன வருடம்தான் எனக்குக் கடைசி. அந்தக் கடைசி முறையில் தேறினேன். அம்மா தெருவில் உள்ள அத்தனை வீட்டுக்கும் சந்தேஷ் இனிப்பு கொடுத்தாள்.

பிறகு வங்கியிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. மார்க் ஷீட், மருத்துவச் சான்று, அதோடு கிரெடிட் ரிப்போர்ட். கடன் வாங்கியவர் அதை ஒழுங்காகக் கட்டினாரா என்று காட்டும் ரிப்போர்ட் அது. நான் சிரித்துக்கொண்டே எடுத்துப் பார்த்தேன். ஜென்மத்தில் கடன் வாங்காதவளுக்கு என்ன பயம்?

அதில் என் பெயர் இருந்தது. கீழே ஒரு கடன். நான்கு தவணை கட்டவில்லை, வசூலாகாத கடன் என்று போட்டிருந்தது. மதிப்பெண் அதலபாதாளத்தில்.

கடன் எது என்று பார்த்ததும் புரிந்துவிட்டது. மூன்று வருடம் முன்னால் நம் மண்டலிக்கு வாங்கிய மைக் செட்!

உங்களுக்கு நினைவிருக்கும். பழைய ஆம்ப்ளிஃபயர் பாதிப் பாட்டில் கரகரக்கும். தவணையில் புதிது வாங்கலாம் என்று முடிவானது. பான் கார்டும் ஸ்மார்ட்போனும் வைத்திருப்பவள், கூப்பிட்டால் மறுக்காதவள் என்று என்னைக் கடைக்கு அனுப்பினீர்கள். கையெழுத்து நான் போட்டேன். மண்டலியின் வரவு செலவு பார்த்த கணேசன் மாமா, செவ்வாய்க்கிழமை தட்டில் விழும் காசை மாதாமாதம் கல்லூரி நாளில் நான் தொடங்கிய பழைய வங்கிக் கணக்கில் கட்டிவிடுவார், தவணை அதிலிருந்து போகும். மாமா பொறுப்பு என்பதால் ஃபாரத்தில் அவருடைய போன் நம்பரையே கொடுத்தோம். எட்டு மாதம் ஒழுங்காகப் போனது. பிறகு மாமாவுக்கு உடம்புக்கு முடியாமல், மகனோடு சென்னைக்குப் போனார். அங்கேயே காலமானார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தட்டில் காசு விழுவது மட்டும் நிற்கவில்லை. மீதித் தவணை கட்ட வேண்டும் என்று நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தக் காசு பூவாகவும் சுண்டலாகவும் மாறி நம் எல்லோர் வயிற்றுக்குள்ளும் போனது. என் வயிற்றுக்குள்ளும்தான்.

கடன் கொடுத்த கம்பெனிக்காரர்கள் யாருமே எடுக்காத நம்பருக்குப் போன் செய்து செய்து, என்னை ஓடிப்போனவள் என்று எழுதிவிட்டார்கள்.

வங்கி அலுவலகத்துக்குப் போய் அழாத குறையாகக் கேட்டேன். அங்கிருந்த அம்மாள் கோபப்படவில்லை. "அடுத்தவா பணத்தைத் தொடப்போற இடம் இது. உங்க கடனை நீங்க எப்படிக் கட்டினேள்னு பார்க்காம இருப்பாளா?" என்றார். அவரும் தமிழ்தான். பாக்கியைக் கட்டி, கடன் தீர்ந்தது என்று கம்பெனியின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள அசல் கடிதம் கொண்டுவந்தால் சேரலாம். சேரும் நாளன்று கையில் இல்லாவிட்டால் நியமனம் ரத்து. சேரும் நாள், துர்கா பூஜை முடிந்து விஜயதசமிக்கு இரண்டு நாள் கழித்து.

பாக்கியை வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்து அன்றே கட்டினேன். டியூஷன் பணம் இருந்தது. பணம் பெரிதாக இல்லை. கடிதம்தான் மலையாகிவிட்டது.

அந்தக் கம்பெனி பவானிபூர் கிளையை மூடிவிட்டிருந்தது. ஹவுராவில் ஒரு மாடியில் இருந்தார்கள். முதல் தடவை போனபோது ஈமெயில் அனுப்பச் சொன்னார்கள். இரண்டாவது தடவை, மெயில் தலைமை அலுவலகத்தில் இருக்கிறது என்றார்கள். ஒவ்வொரு முறையும் லாஞ்ச் படகில் கங்கையைக் கடந்து, மாடி ஏறி, மாடி இறங்கி, திரும்ப லாஞ்ச். எங்கே பார்த்தாலும் பந்தல், விளக்கு, புதுத்துணிக் கூட்டம். ஊரே சிரித்துக்கொண்டிருந்தது. எனக்குச் செருப்பு அறுந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியாத களைப்பு.

நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை பஜனைக்கு வந்தேன். விஷயத்தைச் சொன்னேன். ராஜம் மாமி, "நான் வாராவாரம் தட்டுல போட்டேனேடி!" என்றார். அடுத்தவர், "நானும்தான் போட்டேன்" என்றார். எல்லோரும் போட்டிருந்தீர்கள். அது உண்மை. அப்புறம் மைக்கை ஆன் செய்து பாட ஆரம்பித்தீர்கள். கணீரென்று கேட்டது. எனக்குப் பாட வாய் வரவில்லை. முருகன் படத்தின் முன்னால் உட்கார்ந்து மனசுக்குள் சண்டை போட்டேன்.

"உன் மைக்குக்காக நான் ஒரு கையெழுத்துப் போட்டேன். எனக்காக நீ ஒரே ஒரு கையெழுத்து வாங்கிக் கொடு. வேறு எதுவும் கேட்க மாட்டேன். முடியவில்லை என்றால் அதையும் சொல்லிவிடு. நடந்து நடந்து கால் போய்விட்டது."

அதுதான் என் பிரார்த்தனை. பக்தி இல்லை, பணிவு இல்லை.

பூஜையின் சஷ்டி வந்தது. வங்காளிகளுக்கு அன்று துர்கை வரும் நாள். நமக்கு முருகன் நாள். அம்மா விரதம். நான் மறுபடி ஹவுராவுக்குப் போனேன். அலுவலகம் அன்று அரைநாள். பிறகு லட்சுமி பூஜை முடிந்துதான் திறப்பார்கள். அதற்குள் நான் சேர வேண்டிய நாள் போய்விடும்.

உள்ளே ஒரே ஒருவர். பால் பாபு என்று கூப்பிடுவார்கள். வயதான கிளார்க். மேஜையில் என் கடிதம் அச்சாகி இருந்தது! கையெழுத்து மட்டும் இல்லை.

"ஆஜ் ஹோபே நா, தீதி" என்றார். இன்றைக்கு ஆகாதாம். மேனேஜர் கிளம்பிவிட்டார், குடும்பத்தோடு வடக்கு வங்காளத்தில் சொந்த ஊருக்கு ரயில் ஏறுகிறார்.

நான் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கெஞ்சவில்லை, அழவில்லை. எழுந்து போகக் காலில் தெம்பு இல்லை, அவ்வளவுதான். பால் பாபு என்னைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். போனை எடுத்து யாரிடமோ பேசினார். பிறகு முத்திரையையும் மை டப்பாவையும் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, விளக்கை அணைத்தார்.

"எழுந்திரு அம்மா. ரயிலுக்கு இன்னும் முக்கால் மணி இருக்கு. நானும் ஸ்டேஷனுக்குத்தான் போகணும்" என்றார் வங்காளத்தில்.

டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷா பிடித்தோம். கூட்டத்தில் அது நகரவில்லை. இறங்கி நடந்தோம். அந்த மனிதர் எனக்கு முன்னால் ஆட்களை விலக்கிக்கொண்டு, "ஷோருன், ஷோருன்" என்று வழிகேட்டுக்கொண்டே போனார். ஹவுரா ஸ்டேஷனில் அன்று இருந்த கூட்டத்தைச் சொல்லி மாளாது. பெட்டி பெட்டியாகத் தேடினோம். மேனேஜர் ஜன்னலோரம் குழந்தைக்குப் பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் இறங்கி வந்தார். கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு சூட்கேஸை இறக்கி, அதன் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். அவர் மனைவி மை டப்பாவைத் திறந்து பிடித்துக்கொண்டார். முத்திரை விழுந்தது.

"இத்தனை நாளா ஏன் யாரும் என்கிட்ட சொல்லலை?" என்று கேட்டார்.

ரயில் போனது. பால் பாபுவும் தன் லோக்கல் வண்டியைப் பிடிக்க ஓடினார். நான் நன்றி சொன்னது அவர் காதில் விழுந்ததோ என்னவோ. பிளாட்பாரத்திலேயே தாளை மார்போடு பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அம்மாவுக்குப் போன் செய்து, "கிடைச்சுடுத்தும்மா" என்றேன். அந்தப் பக்கம் அவளும் அழுதாள்.

என் சிநேகிதி ஒருத்தி, "அந்தக் கிளார்க் நல்லவர், அவ்வளவுதான், இதுல முருகன் எங்கே வந்தார்?" என்றாள். இருக்கட்டும். அவர் நல்லவர்தான். மற்றவர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு அந்த நல்லவர் ஒருவரை மட்டும் நாற்காலியில் உட்காரவைத்தது யார்? நான் கேட்டது ஒரு கையெழுத்து. அதுதான் கிடைத்தது.

சேரும் நாளன்று அந்தக் கடிதத்தை அரை நிமிஷம்கூடப் பார்க்காமல் ஃபைலில் போட்டார்கள். வேலை பார்க்கிறேன். இப்போதும் களைப்புதான், ஆனால் மாதம் முடிந்தால் அம்மாவின் மருந்துக்கு யோசிக்க வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை என் ரிப்போர்ட்டை நானே எடுத்துப் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள், பிள்ளைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். சாமி காரியமானாலும் யார் பெயரில் கடன், யார் கட்டுகிறார் என்று எழுதி வையுங்கள்.

உங்களில் யாராவது இப்போது அப்படி ஒரு பெஞ்சில் எழுந்திருக்கத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தால், அந்த முருகனிடம் பேசுங்கள். நல்ல வார்த்தை வராவிட்டால் பரவாயில்லை. நான் திட்டத்தான் செய்தேன். திட்டினவளுக்கே அன்று வழி விலக்கிக் கூட்டிக்கொண்டு போக ஒரு ஆளை அனுப்பினான்.