எங்கள் வண்டிக்கு மாட்டுப் பொங்கல்

என் மகளுக்கு அப்போது நாலு வயது. வீட்டில் வாய் மூடாது. எங்கள் வீட்டுச் சண்டை அத்தனையும் கீழ்வீட்டு அக்காவுக்கு அவள் வழியாகத்தான் போய்ச் சேரும். அதே பிள்ளை பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் ஊமை. எல்.கே.ஜி. சேர்ந்து ஏழு மாதமாகியும் ஒரு வார்த்தை கிடையாது. ஒண்ணுக்கு வருகிறது என்றுகூடச் சொல்லாமல், நனைந்த உடுப்போடு வீட்டுக்கு வருவாள். அதைத் துவைக்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும்.

வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஏதாவது செய்யுங்கள், சொல்வதற்கு ஒரு விஷயம் இருந்தால் பேசிவிடுவாள் என்றார் மிஸ். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலோ பஞ்சில் முயல், களிமண்ணில் கிரகம் என்று ஆளாளுக்குப் படம் போட்டு என் வயிற்றெரிச்சலைக் கிளப்பினார்கள். நானும் கோதுமை மாவில் கலர் கலந்து யானை செய்தேன். தும்பிக்கையை மகள் தின்றாள், மிச்சத்தை எறும்பு தின்றது. அம்புட்டுதான் என் கைவேலை. உங்கள் வீட்டு யானைக்கும் இந்தக் கதி என்றால் கவலைப்படாதீர்கள், நான் இருக்கிறேன்.

மாட்டுப் பொங்கலன்று அவளுக்கு மாடு வேண்டும் என்று ஒரே அடம். மதுரைக்குள் மாடி வீட்டில் வாடகைக்கு இருப்பவள் மாட்டுக்கு எங்கே போவேன்? வாய்க்கொழுப்பில் சொல்லிவிட்டேன்.

"உங்கப்பா வண்டிதான்டி நம்ம மாடு."

பிடித்துக்கொண்டாள். எனக்கும் கிறுக்குப் பிடித்தது. மூன்று பேரும் கீழே இறங்கி ஸ்கூட்டரைக் குளிப்பாட்டினோம். கண்ணாடிக் கம்பிகள்தான் கொம்பு. ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம் பெயிண்ட் அடித்தோம். முன்விளக்குக்கு மேலே பொட்டு, ஹேண்டில்பாரில் புதுக் கயிறு, செவந்தி மாலை. தெருவில் போன ஒரு அண்ணன் நின்று, மாடு எம்புட்டுக் கறக்கும் என்று கேட்டார். லிட்டருக்கு நாற்பது கிலோமீட்டர் என்றார் என் வீட்டுக்காரர். வெட்கமே இல்லை மனுஷனுக்கு.

சர்க்கரைப் பொங்கலைக் கிண்ணத்தில் போட்டு மகள் கையில் கொடுத்தேன். மாட்டுக்கு வாய் எங்கே என்று கேட்டாள். பெட்ரோல் ஊற்றுகிற இடம்தான் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டு, தேங்காய் எடுக்க மாடிக்குப் போனேன். பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க அவர் மூடியைத் திறந்து வைத்திருந்ததும், போன் அடித்ததால் எனக்கு முன்னாடியே மேலே போய்விட்டதும் எனக்குத் தெரியாது. இறங்கி வந்து பார்த்தால் கிண்ணம் காலி. மாடு நல்லாச் சாப்பிட்டதாம். முந்திரியை மட்டும் அவள் எடுத்துக்கொண்டாளாம்.

அவர் வந்து டேங்குக்குள் எட்டிப் பார்த்தார். அப்புறம் ஒரு வார்த்தை சொன்னார். எங்கள் ஊர் டிராபிக்கில் வண்டி ஓட்டுகிற யாருக்கும் தெரிந்த வார்த்தைதான், ஆனால் எழுத மாட்டேன். சமயநல்லூரில் மாமியார் வீட்டு விருந்துக்கு டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனோம். இரண்டு நாள் கழித்து, மெக்கானிக் டேங்கைக் கழற்றிக் கழுவும்போது மகளும் கூடவே போய் நின்றாள். நெய் வாசம் வருதே அண்ணே என்று மெக்கானிக் கேட்டாராம். வீட்டுக்காரர் அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. பிள்ளை வளர்க்கிற லட்சணத்தைப் பார் என்று நானே என்னைத் திட்டிக்கொண்டேன்.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று பதினோரு மணிக்கு மிஸ்ஸிடமிருந்து போன். பொங்கலுக்கு என்ன செய்தீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்டாராம். என் மகள் தானாக எழுந்து நின்றாளாம். மாட்டைக் குளிப்பாட்டியது முதல் டேங்கைக் கழுவியது வரை மூச்சு விடாமல் சொன்னாளாம். மிஸ் கொஞ்சம் தயங்கினார்.

"அவங்கப்பா சொன்ன வார்த்தையையும் சொல்லிட்டா மேடம். இப்ப கிளாஸே அதைத்தான் சொல்லிட்டிருக்கு."

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

"இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க மிஸ்," என்றேன். "நானும் கேக்குறேன்."