ஏழு முட்டைக்கு எந்தப் பெட்டி?

கண்ணாடிக் கடையில் அவள் ஒரு நாளைக்கு நானூறு தடவையாவது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வந்தவரை உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கின்மேல் கனத்த சோதனைச் சட்டத்தை மாட்டி, ஒரு வில்லையைப் போட்டுக் காட்டுவாள். பிறகு அதை எடுத்துவிட்டு இன்னொன்று. "இதுல நல்லாத் தெரியுதா, அதுலயா?" பத்தொன்பது வருடமாக இதே வேலை. தெருவில் அவள் பெயரே இதா-அதா அக்கா என்று ஆகிவிட்டது.

ஊரையே தேர்ந்தெடுக்க வைக்கிறவளுக்குத் தனக்கென்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வராது. குடை வாங்கப் போனால் மழைக்காலம் முடிந்த பிறகுதான் குடை வீட்டுக்கு வரும். கல்யாணத்துக்கு இரண்டு வரன்கள் வந்தபோது, இரண்டு போட்டோக்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தே ஐந்து மாதத்தை ஓட்டினாள். அதற்குள் ஒருவருக்கு வேறு இடத்தில் கல்யாணமே முடிந்துவிட்டது. மிச்சமிருந்தவர் பஸ் டிரைவர். "நீ என்னைத் தேர்ந்தெடுக்கலை, கடையில விற்காம மீதி இருந்தேன்" என்று அவர் இன்றைக்கும் சொல்வார். அவளும் மறுத்ததில்லை.

அவள் யோசிக்காமல் செய்த காரியம் ஒன்றே ஒன்று. பின்கட்டுக் கதவு திறந்திருந்த ஒரு காலை, எங்கிருந்தோ வந்து வாசற்படியில் நின்ற பழுப்புக் கோழியைப் பார்த்து, "சரி, இரு" என்று சொல்லிவிட்டாள். அது இருந்தது. துவைக்கும் கல், கொடிக்கயிறு, தண்ணீர்க் குழாய் என்று ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, தலையைச் சாய்த்து ஒரு நோட்டம் விட்டு, திருப்தியில்லாத முகத்தோடு அடுத்ததற்குப் போகும். அதனால் அதற்கு மேனேஜர் என்று பெயர். கடையில் ஒருநாள் மனம் நொந்து வந்தால், பின்கட்டில் உட்கார்ந்து அதனிடம்தான் சொல்வாள். அதுவும் தலையைச் சாய்த்துக் கேட்கும். தீர்ப்பு மட்டும் சொல்லாது.

அந்த மேனேஜர்மேல்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரைவர் தன் பழைய காரை ரிவர்ஸ் எடுத்தார்.

இருபத்திரண்டு வருடம் விபத்தே இல்லாமல் பஸ் ஓட்டியதற்கு டிப்போவில் கொடுத்த கேடயம் கூடத்து அலமாரியில் இருக்கிறது. அன்றைக்கு அவருக்கு அதைப் பார்க்கவே கூசியது. சமாதானமாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாதும்பாங்க" என்று ஆரம்பித்தார். மாடி அறையில் இருக்கும் அவருடைய அக்கா அங்கிருந்தே முடித்துவைத்தாள்: "கார் மிதிச்சா கோழி சாகும்டா. வாயை மூடிக்கிட்டு உள்ள போ."

அன்றிலிருந்து இதா-அதா புருஷனோடு பேசவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவருக்குச் செய்தி அவருடைய அக்காவான அண்ணி வழியாகத்தான் போகும். "அண்ணி, காபி ஆறுதுன்னு சொல்லுங்க." அண்ணி இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள், "நான் என்ன டெலிபோன் ஆபீசா?" என்று கேட்டுவிட்டு, காபியைத் தானே குடித்துவிட்டாள்.

மேனேஜர் போய்விட்டது, ஆனால் சமையலறைக் கூடையில் அதன் ஏழு முட்டைகள் இருந்தன. என்றைக்காவது அடைக்கு உட்காரும் என்று கடந்த எட்டு நாளாகச் சேர்த்தவை. ஒவ்வொன்றின் ஓட்டிலும் பென்சிலால் தேதி எழுதியிருந்தாள். இனி மேனேஜர் என்று ஏதாவது மிச்சம் உண்டென்றால் அந்த ஏழுக்குள்தான்.

திங்கட்கிழமையே தீவனக் கடைக்குப் போனாள். கடைக்காரர் முதலில் கேட்டது, சேவல் உண்டா என்று. பக்கத்து வீட்டுச் சேவல் என்றாள். முறையாக வந்து போகுமா என்று அவர் கேட்க, மதில் ஏறிக் குதித்து வரும் என்று அவள் சொல்ல, அதுவே போதும் என்றார். முட்டையைப் பிரிட்ஜில் வைக்கக் கூடாது, கூர்முனை கீழே இருக்க வேண்டும், ஒரு வாரம்வரை நல்லது, பத்து நாள் தாண்டினால் நாளுக்கு நாள் நம்பிக்கை குறையும் என்றார். அடைக்கோழி எங்கும் கிடைக்காத நேரம், முட்டைக்குச் சூடு கொடுத்துப் பொரிக்கும் இன்குபேட்டர்தான் வழி. கடையில் மூன்று இருந்தன.

முதலாவது தெர்மோகோல் பெட்டி. உள்ளே ஒரு பல்பு, அவ்வளவுதான். முட்டையை நாளுக்கு மூன்று முதல் ஐந்து தடவை நாமே கையால் திருப்பிவிட வேண்டும். இரண்டாவது, பன்னிரண்டு முட்டைக்கானது. கண்ணாடிபோல் உள்ளே தெரியும் மூடி, உள்ளுக்குள் சின்ன விசிறி, தானே திருப்பும் தட்டு, வெளியிலிருந்தே தண்ணீர் ஊற்ற ஒரு துளை. மூன்றாவது தகரத்தில் செய்த பெரிய அலமாரி, ஐம்பத்தாறு முட்டை பிடிக்கும்.

மூன்றையும் சுற்றிச் சுற்றி வந்தாள். வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். செவ்வாய்க்கிழமை மறுபடி வந்து, பல்பு பியூஸ் போனால் என்ன ஆகும் என்று கேட்டாள். புதன்கிழமை, தானே திருப்புகிற மெஷின் திருப்ப மறந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். மெஷின் மறக்காது, மனுஷர்கள்தான் மறப்பார்கள் என்றார் கடைக்காரர். வியாழக்கிழமை அவள் தெருமுனையில் திரும்பும்போதே அவர் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

வீட்டில் டிரைவர் காற்றிடம் சொல்வதுபோல், பெரிதாக வாங்கினால் பிற்பாடு உதவும் என்றார். "ஏழு பேர் போறதுக்கு ஐம்பத்தாறு சீட் வண்டியா?" என்று அண்ணி கேட்டாள். டிப்போவில் தினமும் அப்படித்தான் நடக்கிறது என்றார் அவர்.

"பதறாத காரியம் சிதறாது அண்ணி" என்றாள் இதா-அதா.

"சிதறாதும்மா. அழுகிப்போகும்."

அன்றைக்கு ராத்திரி ஓட்டிலிருந்த தேதிகளை எண்ணிப் பார்த்தாள். கூடையில் முதல் முட்டைக்குப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம், டிரைவர் காக்கிச் சட்டையோடே உள்ளே வந்தார். அவள் தோளைப் பிடித்து உயர நாற்காலியில் உட்காரவைத்தார். சோதனைச் சட்டத்தை எடுத்து அவள் மூக்கில் மாட்டினார், தலைகீழாக. அவள் சரிசெய்துகொண்டாள். அவர் சட்டைப் பையிலிருந்து மூன்று போட்டோக்களை எடுத்தார். தீவனக் கடையில் பிடித்து, பக்கத்து ஸ்டூடியோவில் பிரின்ட் போட்டு வந்திருந்தார்.

"பகல்ல வீட்ல யார் இருக்கா? நீ இங்க, நான் பஸ்ல, அக்கா தூக்கத்துல. நாளுக்கு அஞ்சு தடவை யார் திருப்புவா?"

அவள் தெர்மோகோல் பெட்டியின் போட்டோவைக் கவிழ்த்து வைத்தாள்.

"முட்டை எத்தனை?"

ஐம்பத்தாறு முட்டை அலமாரி கவிழ்ந்தது.

மிச்சம் ஒன்றுதான். ஆனாலும் அவர் விடவில்லை. கவிழ்த்து வைத்த ஒன்றை மறுபடி எடுத்து, இரண்டையும் அவள் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, அவள் குரலிலேயே கேட்டார்: "இதுல நல்லாத் தெரியுதா, அதுலயா?"

"அதுலதான்" என்றாள், பன்னிரண்டு முட்டைப் பெட்டியைக் காட்டி. ஆறு நாளில் அவரிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை அது. சொல்லிவிட்டோமே என்று உடனே உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவர் போட்டோவைப் பையில் போட்டுக்கொண்டு, மீதி இருக்கிற சரக்கு எப்போதும் மட்டமில்லை என்று முணுமுணுத்தபடி வெளியேறினார்.

வெயிலும் காற்றும் நேரே படாத இடம் வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். வீட்டில் அப்படிப்பட்ட இடம் கூடத்து அலமாரிதான். டிரைவர் யாரும் சொல்லாமலே கேடயத்தை எடுத்துக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு, அங்கே இன்குபேட்டரை வைத்தார். முட்டை வைக்காமல் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டார்கள். தனியாக வாங்கிய தெர்மாமீட்டரும் மெஷினும் முப்பத்தேழரை டிகிரியில் ஒத்துப்போன பிறகுதான் ஏழும் உள்ளே போயின. பேச்சுவார்த்தை மட்டும் பழையபடி அண்ணி வழியாகத்தான்.

ஏழாம் நாள் மாலை, கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, கண்ணுக்குள் அடித்துப் பார்க்கும் சின்ன டார்ச்சை முட்டையின் அகலமான முனையில் வைத்தாள். ஓடு செம்மஞ்சளாக ஒளிர்ந்தது. உள்ளே சிவப்பு நரம்புகள் ஒரு புள்ளியிலிருந்து கிளை பிரிந்து ஓடின. கண்ணின் உட்புறத்தைப் பெரிதாக்கி எடுத்த படங்களில் இதே நரம்புகளை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். இது துடித்தது. நான்கு முட்டைகளில் அப்படித் தெரிந்தது. ஒன்று சந்தேகம். இரண்டு வெறும் வெளிச்சம்.

அந்த இரண்டையும் திருப்பித் தேதியைப் பார்த்தாள். முதல் நாளும் இரண்டாம் நாளும் இட்டவை. திங்கட்கிழமையே ஒரு பெட்டியைக் கையில் எடுத்திருந்தால் என்று அவள் மனம் கணக்குப் போட்டது. அண்ணி அந்த இரண்டையும் எடுத்துத் தனியாக வைத்தாள். சந்தேகமானதையும் நான்கோடு சேர்த்து இதா-அதா திரும்ப உள்ளே வைத்தாள்.

பதினெட்டாம் நாள் திருப்பும் தட்டை எடுத்துவிட்டு, தண்ணீரைக் கூடுதலாக ஊற்றினாள். இனி மூடியைத் திறக்கவே கூடாது. திறந்தால் ஈரம் போய், குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்பது கடைக்காரர் கட்டளை.

இருபத்தோராம் நாள் காலை பத்து மணிக்கு மூன்று குஞ்சுகள் நனைந்த பஞ்சாக உள்ளே உருண்டுகொண்டிருந்தன. ஒரு முட்டை அசையவே இல்லை. சந்தேக முட்டையில் மட்டும் விடிகாலையில் விழுந்த ஓட்டை அப்படியே நின்றது. அதன் வழியாக ஒரு அலகு வெளியே வந்து, திறந்து, மூடி, சோர்ந்தது.

"தொறந்து உரிச்சு விடும்மா, பாவம்" என்றாள் அண்ணி.

"தொறந்தா அந்த மூணும் விறைச்சுடும்க்கா" என்றார் டிரைவர்.

"உனக்கென்னடா தெரியும். முட்டை இடுற கோழிக்குத்தான் வலி தெரியும்."

"நீங்க எப்ப இட்டீங்க?"

இதா-அதாவின் கை மூடியின்மேல் இருந்தது. இதா, அதா. ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் மூன்று. இந்தத் தடவை யோசித்துக்கொண்டிருக்க ஆறு நாள் கிடையாது. ஆறு நிமிஷம் இருந்தால் அதிகம்.

"தொறக்க வேண்டாம்" என்றாள். கையை எடுத்து முந்தானையில் சுருட்டிக்கொண்டாள். "இந்தத் துளை வழியா இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க. வெதுவெதுப்பா." டிரைவர் தண்ணீர் கொண்டுவர ஓடியபோதுதான் அண்ணி கவனித்தாள், செய்தி தன் வழியாக வரவில்லை என்று.

பதினொன்றரை மணிக்கு ஓடு வட்டமாக வெட்டுப்பட்டுக் கழன்றது. குஞ்சு காலை உதைத்து வெளியே வந்து, குப்புற விழுந்து, மூச்சு வாங்கியது.

மறுநாள் நான்கும் உலர்ந்து அட்டைப்பெட்டியில், பல்பு வெளிச்சத்துக்கடியில் ஓடிக்கொண்டிருந்தன. கடைசியாக வந்தது தண்ணீர்த் தட்டின் முன்னால் நின்று, தலையைச் சாய்த்து, திருப்தியில்லாமல் நகர்ந்தது. டிரைவர் குனிந்து பார்த்து, இதில் எது மேனேஜர் என்று கேட்டார்.

அவள் ஒரு நொடிகூட யோசிக்காமல் கடைசிக் குஞ்சைக் காட்டினாள்.

"அதெப்படி அவ்வளவு உறுதியாச் சொல்ற?"

"நீங்க குனிஞ்சதும் மூலைக்குப் போயிடுச்சு பாருங்க."

அவர் நிமிர்ந்து, சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். குஞ்சுகள் நான்கும் பெட்டிக்குள்தான் இருந்தன. ஆனாலும் அவர் தரையில் முட்டிபோட்டு, காருக்கடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுத்தான் ஏறி உட்கார்ந்ததை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.