மார்சேய் நகரத்துச் சீதனம்

இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்த கையோடு, மொன்றியலில் பிரெஞ்சு வகுப்பின் கடைசிப் பரீட்சைக்கு எனக்கு விழுந்த சீட்டில் மார்சேய் நகரம் என்று எழுதியிருந்தது. கிரேக்கர் குடியேறியதிலிருந்து நடுக்காலம் முடியும்வரை அதன் சரித்திரத்தைப் பத்து நிமிடத்தில், தாளைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். தேறினால் வீட்டுக்குப் பக்கத்துக் கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை. தவறினால் லாசால் தொழிற்சாலையில் மறுபடியும் பெட்டிக்குள் போத்தல் அடுக்க வேண்டும். போத்தல் என்றாலே எனக்கு ஆகாது.

நூலகப் புத்தகத்தைத் திறந்தால் முதல் பக்கமே கலியாணம். கப்பலில் வந்திறங்கிய கிரேக்க இளைஞன் ஒருவன் அவ்வூர் அரசனின் விருந்துக்குப் போகிறான். அரசன் மகள் யாரிடம் கிண்ணத்தை நீட்டுகிறாளோ அவனே மாப்பிள்ளை. அவள் உள்ளூர்ப் பொடியன்கள் எல்லோரையும் விட்டுவிட்டு நேற்று வந்தவனிடம் நீட்டிவிட்டாள். அரசன் கடற்கரைக் காணியைக் கொடுத்தான்; அதில் எழுந்ததுதான் நகரம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாதா கோயிலில் மூன்று ஞாயிறு கலியாண அறிவிப்பு ஓலை வாசிக்கவில்லை, பையனின் குடும்பத்தை விசாரிக்கவில்லை, துறைமுகத்தையே தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

என் கணவர் அதை இன்னும் கெடுத்தார். "முதல்ல சீதனத்தைச் சொல்லும். அது விளங்கினா மற்றதெல்லாம் விளங்கும்" என்றார்.

பரீட்சையன்று அப்படியே சொன்னேன், சொன்னேன், சொல்லிக்கொண்டே இருந்தேன். யாழ்ப்பாணத்தில் சீதனக் காணி பெண்ணின் பெயரில் இருக்கும், பிறகு அவள் மகளுக்குப் போகும், ஆகவே மார்சேய் முழுவதும் பெண்வழிச் சொத்து என்று பலகையில் படமும் கீறினேன். ஆசிரியை கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். மிச்சம் ஒரு நிமிடம். சரித்திரத்தில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு பாக்கி. ரோமர் முற்றுகையிட்டார்கள், கோத்தியர் வந்தார்கள், பிராங்கியர் வந்தார்கள் என்று மூச்சுவிடாமல் ஓடினேன். செத்து நாலாம் நாள் யேசு கல்லறையிலிருந்து எழுப்பிவிட்ட மனிதரே தங்கள் முதல் ஆயர் என்று நடுக்காலத்து ஊரவர் சாதித்ததற்கு அரை வசனம். கப்பலேறி வந்த கொள்ளைநோய்க்கு ஒரு சொல். கடைசியில் ஸ்பெயின் பக்கத்து அரசன் ஒருவன் ஊரைக் கொளுத்தி, துறைமுக வாயிலை மறித்திருந்த இரும்புச் சங்கிலியையும் கழற்றிக்கொண்டு போனான் என்றபோது நேரம் முடிந்தது.

ஆசிரியை ஒரேயொரு கேள்வி கேட்டார். அந்தப் பெண்ணின் பெயர் என்ன?

தகப்பன் பெயர் தெரியும். மாப்பிள்ளை பெயர் தெரியும். பெண்ணின் பெயரை நான் கவனிக்கவே இல்லை. வெட்கமாய்ப் போயிற்று. எனக்குக் கலியாணம் பேச வந்தவர்களும் எத்தனை பரப்புக் காணி என்று கேட்டார்களே தவிர, என் பெயரைக் கேட்டதாக நினைவில்லை. வேறு வழி தெரியாமல் என் பெயரையே சொன்னேன், பிரெஞ்சு மாதிரி கொஞ்சம் மூக்கால்.

ஆசிரியை மாணவர் வரவுப் புத்தகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்க இருமினார். பதில் பிழை, பிரெஞ்சு சரி என்று சொல்லித் தேர்ச்சி போட்டார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். கணவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப மார்சேயை உம்மட பேரில எழுதிப்போட்டு வந்திருக்கிறீர்" என்றார்.