வாலருகே ஒரு வெட்டு

குற்றாலத்தில் சாரல் விழுகிறது. சத்திரத்துக் கூடத்தில் நாலு பெஞ்சு போட்டு, நாணயக் கண்காட்சி என்று அட்டை மாட்டியிருக்கிறார்கள். நுழைவு பத்து நயா பைசா. பழைய காசு விற்கிற எவரையும் நான் நம்புவதில்லை.

செங்கோட்டைக்காரர் ஒருவர் துண்டை விரித்து, பாண்டியர் காலத்து மீன் காசு ஒன்றை வைத்திருக்கிறார். அதன் பச்சைக் களிம்பு நகம் பட்டதுமே பொடியாக உதிர்கிறது. நிஜமான பழங்களிம்பு இப்படி உதிராது.

"எங்கே கிடைத்தது?"

"சித்தாத்துல மணல் அள்ளுதப்ப கெடச்சது அண்ணாச்சி. சந்தேகம்னா நல்லா பாத்துக்கிடுங்க."

என்னுடைய மீன் காசைப் பையிலிருந்து எடுக்கிறேன். எட்டு வருஷமாக இதோடு ஒப்பிட்டுத்தான் மற்றவர்களின் காசைப் போலி என்று சொல்லிவருகிறேன். இரண்டையும் லென்ஸுக்கு அடியில் வைக்கிறேன். அவர் காசில் மீனின் வாலருகே சின்ன வெட்டு. என் காசிலும் அதே இடத்தில் அதே வெட்டு. கையால் அடித்த காசில் பிறகு விழுகிற வெட்டு இரண்டில் ஒரே இடத்தில் வராது. ஒரே வார்ப்பு அச்சில் உருக்கி ஊற்றினால்தான் வரும்.

என் காசை மட்டும் நான் இதுவரை சுரண்டிப் பார்த்ததில்லை. இப்போது சுரண்டுகிறேன். உதிர்கிறது.

செங்கோட்டைக்காரர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். "பாத்தீயளா, ரெண்டும் ஒண்ணுபோல இருக்கு. ஒங்களது ஒரிஜினல்தான?"

சுற்றி நிற்பவர்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

"ஒரிஜினல்தான்" என்கிறேன்.

பக்கத்தில் நிற்கும் பாவூர்சத்திரத்துக்காரர் ஒருவர், செங்கோட்டைக்காரரின் காசை வாங்க மடியை அவிழ்த்துப் பணத்தை எடுக்கிறார்.