மெட்டியைக் கழற்றச் சொல்லும் டாக்டர்

“செலிப்பர கழட்டுங்க. ரெண்டு காலும்.”

காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்தவரிடம்தான் டாக்டர் சந்திரமதி இப்படிச் சொல்கிறார். நாக்கை நீட்டச் சொல்வதெல்லாம் அப்புறம். எங்கள் ஊர் காஜா பேராங்கில் அவருடைய கிளினிக் ஒரே அறைதான். அங்கே உள்ளங்காலைக் காட்டாமல் யாரும் மருந்து வாங்கிவிட முடியாது. முக்காலியில் உட்கார்ந்து, பாதத்தைத் தம் மடியில் வைத்து, பூதக்கண்ணாடியால் விரல் விரலாகப் பார்ப்பார். சேலையில் சேறு ஒட்டுமே என்ற கவலை பார்க்கிற நமக்குத்தான்.

தோலில் கறுப்பாக வரும் ஒருவகைப் புற்றைத் தேடுகிறாராம். “நம்ம ஆளுங்களுக்கு அது மூஞ்சில வராதுலா. கால்லதான் ஒளிஞ்சுக்கும். லட்சத்துல ஒருத்தருக்கு வர்றது. அந்த ஒருத்தர் எங்கிட்ட வந்தா நான் விட்டுறக் கூடாது.”

பெண்களிடம்தான் வம்பு. புருஷன் உயிரோடிருக்க மெட்டியைக் கழற்றுவார்களா? வாசலில் நிற்கும் கணவனை டாக்டர் கூப்பிடுவார். “போட்டுவிட்டது நீங்கதானே? நீங்களே கழட்டுங்க. பாத்ததும் போட்டுருங்க.” வெட்கத்தில் நெளியாத ஆண்பிள்ளையை நான் அங்கே பார்த்ததில்லை.

மெர்டேக்கா என்று சுதந்திரம் கிடைத்ததற்கு அடுத்த வருஷம் அப்படித்தான் கணேசமூர்த்தி தம் மனைவி அஞ்சலையின் மெட்டியைக் கழற்றினார். அடியில் கறுப்புத் திட்டு. “வெள்ளி பட்ட கறுப்பு டாக்டரம்மா. எல்லாருக்கும் இருக்கும்” என்றாள் அஞ்சலை. ஸ்பிரிட்டால் துடைத்தும் போகவில்லை. துளி சதை சோதனைக்காகக் கோலாலம்பூருக்குப் போய், புற்றேதான் என்று பதில் வந்தது. அந்த விரலை எடுத்தால் பிழைக்க வழியுண்டு. மெட்டி விரலைக் கொடுக்கமாட்டேன் என்று அஞ்சலை அழுதாள். டாக்டர் விடவில்லை, கிளினிக்கைப் பூட்டியதும் நேரே அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். “மெட்டிக்குப் பக்கத்து வெரல் இருக்கு. ஒன் பிள்ளைங்களுக்கு ஒனக்குப் பதிலா யாரு இருக்கா?”

ஒருவழியாகச் சம்மதித்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் விரலை எடுத்தபோது டாக்டர் கூடவே நின்றார். வருஷம் ஒன்றாகிறது, புற்று திரும்பவில்லை. இப்படி ஒருவர் எங்கள் ஊரில் இருப்பது எனக்குப் பெருமை, அதை ஏன் மறைக்க வேண்டும்?

சென்ற வாரம் புக்கிட் காதில் பக்கமிருந்து ஒரு புதுப்பெண் வந்தாள். புருஷனே சொல்லியும் மெட்டியைத் தொடவிடவில்லை. காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு, “நான் போறேன்” என்று எழுந்தாள். பரிசோதனைக்காக வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த அஞ்சலையும் எழுந்தாள். டாக்டர் தம் முக்காலியை நகர்த்தி இடம் விட்டார். அஞ்சலை சேலையைக் கணுக்கால் வரை தூக்கி, நான்கு விரல் பாதத்தை அந்தப் பெண்ணின் முன்னால் நீட்டினாள்.