ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு வாத்தியார்

தொண்ணூற்றாறில் எங்கள் ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். செய்தி வந்த அன்று காலை என் மாமனார் பேப்பரை இரண்டு தரம் படித்துவிட்டு மடித்து வைத்தார். அந்தப் பதவிக்கு நிற்க வேண்டும் என்பதற்காகவே வருஷக்கணக்கில் ஒரு கல்யாணம், ஓர் எழவு விடாமல் போய் வந்தவர் அவர். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"கண்ணு, நீ நின்னுபோடு. கையெழுத்து மட்டும் உன்னுது. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"சரிங்க மாமா" என்றேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எதையும் படித்துப் பார்ப்பது என் பழக்கம் என்பதை அப்போது அவரிடம் சொல்லவில்லை.

நான் பீளமேட்டில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் படித்தவள். கருமத்தம்பட்டியைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு விசைத்தறிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டேன். அந்த ஊரில் எந்த வீட்டிலும் தறிச் சத்தத்துக்கு மேலேதான் பேச வேண்டும். கல்யாணமான முதல் வருஷத்திலேயே என் குரல் கனத்துவிட்டது. ஓட்டுக் கேட்கப் போனபோது அந்தக் குரல்தான் உதவியது. மைக் இல்லாமலே தெருக்கோடி வரைக்கும் கேட்டது. ஜெயித்தேன்.

எங்கள் ஊரில் எட்டாம் வகுப்பு வரைக்கும் ஒரு நடுநிலைப் பள்ளி இருந்தது. அதற்கு மேல் படிக்க அவிநாசி ரோட்டுக்குப் போய் பஸ் பிடித்து வேறு ஊருக்குப் போக வேண்டும். காலையில் வருகிற பஸ் எல்லாம் நிறைந்து வழியும். பையன்கள் படியிலும் ஏணியிலும் தொங்கிக்கொண்டு போனார்கள். பெண் பிள்ளைகளை யாரும் அனுப்பவில்லை. மே மாதம் எட்டாவது முடித்த பெண்ணை ஜூன் மாதம் ஏதாவது ஒரு தறிக்கூடத்தில் நூல் சுற்றப் பார்க்கலாம். எங்கள் தறிக்கூடத்திலும் அப்படி வந்தவர்கள் இருந்தார்கள். அதில் ஒருத்தி நூல் சுற்றிக்கொண்டே, பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்யும் என் மகனுக்கு வகுத்தல் கணக்கில் தப்பு எங்கே என்று சொல்லிக்கொடுப்பாள்.

முதல் ஊராட்சிக் கூட்டத்துக்கு என்னென்ன பேச வேண்டும் என்று மாமனாரே எழுதித் தந்திருந்தார். சாக்கடை, தெருவிளக்கு, குடிதண்ணீர்க் குழாய். நான் கடைசியில் ஒன்று சேர்த்துப் படித்தேன்: பள்ளிக்கூடத்தை உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்த வேண்டும், பக்கத்துப் புறம்போக்கு நிலத்தை அதற்கு விட வேண்டும். காலனி வார்டிலிருந்து ஜெயித்து வந்த அக்காதான் முதலில் கையைத் தூக்கினார். அவர் நூல் மில்லில் வேலை செய்தவர். கூட்டத்துக்கு வந்ததும் யாரும் சொல்லக் காத்திராமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர். "எம் பொண்ணு அடுத்த வருசம் ஏழாவதுங்க. சீக்கிரம் பண்ணுங்க" என்றார். தீர்மானம் நிறைவேறியது.

கல்வி அலுவலகத்தில் விசாரித்தபோது நிலம், ஊர் மக்களின் பங்குத் தொகை, அடுத்த உயர்நிலைப் பள்ளி எவ்வளவு தூரம் என்று நிபந்தனைகளைச் சொன்னார்கள். எல்லாம் எங்களிடம் இருந்தன, அல்லது திரட்டிவிடலாம். அங்கிருந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு நல்ல மனசோடு ஒன்று சொன்னார். "இதெல்லாம் இருந்தா மட்டும் போதாதுங்க. வருசா வருசம் பட்ஜெட் கூட்டத்துல கல்வி மானியக் கோரிக்கை வரும்போது இத்தனை பள்ளின்னு அறிவிப்பாங்க. அந்த லிஸ்ட்டுல வரணும்னா உங்க எம்.எல்.ஏ. சொல்லணும்."

அங்கேதான் சிக்கல். எம்.எல்.ஏ. ஆளுங்கட்சிக்காரர். என் மாமனார் அந்த வருஷச் சட்டசபைத் தேர்தலில் தோற்றுப்போன கட்சிக்கு முப்பது வருஷமாகக் கொடி பிடித்தவர். எங்கள் ஊர்ப் பெட்டியில் அந்த எம்.எல்.ஏ.வுக்கு ஓட்டு விழவே இல்லை என்று சொல்லலாம்.

நானும் காலனி அக்காவும் போனோம். எம்.எல்.ஏ. மரியாதையான மனிதர். உட்காரச் சொல்லி காபி கொடுத்தார். மனுவை வாங்கி ஊர்ப் பேரைப் பார்த்ததும் சிரித்தார்.

"உங்க ஊர்ல எங்களுக்கு எத்தனை ஓட்டு விழுந்துச்சுன்னு தெரியுமுங்களா அம்மணி?"

எனக்கு முன்னால் அக்கா பேசிவிட்டார். "எட்டாவது படிக்கிற புள்ளைகளுக்கு ஓட்டு இல்லீங்க. அதுக மேல என்னத்துக்குங்க கோவம்?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "பாக்கலாமுங்க" என்றார். அந்த வருஷ லிஸ்ட்டில் எங்கள் ஊர் இல்லை.

நாங்கள் போய் வந்த விஷயம் மாமனாருக்கு எட்டிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அந்த ஆளு ஊட்டு வாசல்ல போயி நின்னுபோட்டு வந்திருக்கற. நாளைக்கு நான் எங்க கட்சிக்காரங்க மூஞ்சியில எப்படி முழிக்கறது?"

"நீங்க எதுக்குங்க மாமா முழிக்கணும்? தலைவர் நானுங்க. நான் முழிச்சுக்கறேன்."

இதை நான் சத்தமாகச் சொல்லவில்லை. தறி ஓடாத நேரம் என்பதால் வீடு முழுக்கக் கேட்டுவிட்டது. என் கணவர் எழுந்து போய்த் தறியை ஓட விட்டார். அவர் என் பக்கம் நிற்கும் விதம் அதுதான். மாமனார் சில வாரம் என்னோடு பேசவில்லை. ஊராட்சிக் கூட்டத்துக்கு எழுதித் தருவதையும் நிறுத்திவிட்டார். எனக்கு அது வசதியாகப் போயிற்று.

அடுத்த வருஷம் நான் ஒரே மனுவோடு விட்டுவிடவில்லை. எம்.எல்.ஏ. எந்தக் கல்யாணத்துக்கு வந்தாலும், எந்தப் பாலம் திறந்தாலும், நானும் அக்காவும் அங்கே இருப்போம். எங்களைப் பார்த்ததும் "பள்ளிக்கூடந்தானுங்களே, ஞாபகம் இருக்குதுங்க" என்று அவரே சொல்லத் தொடங்கினார். மானியக் கோரிக்கை அன்று சட்டசபையை வந்து பார்க்கிறோம் என்று கேட்டேன். ஆச்சரியப்பட்டார். ஆனாலும் பாஸ் வாங்கித் தந்தார்.

ரயிலேறி சென்னைக்குப் போனோம். பார்வையாளர் மாடத்தில் பேசக் கூடாது, காலைத் தூக்கி வைக்கக் கூடாது என்று காவலர் சொன்னார். கீழே உறுப்பினர்கள் மாற்றி மாற்றித் தங்கள் தொகுதிக்கு வேண்டியதைக் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அமைச்சரிடமிருந்து ஏறக்குறைய ஒரே பதில். "நிதிநிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்." கடைசியில் இத்தனை நடுநிலைப் பள்ளிகள் தரம் உயர்த்தப்படும் என்று ஓர் எண்ணிக்கையைப் படித்தார். ஆளுங்கட்சிப் பக்கம் மேஜையைத் தட்டினார்கள். அக்கா என் காதில், "நம்மூரு அதுல இருக்குதா?" என்றார். ஊர்ப் பேரைப் படிக்கவில்லையே, எனக்கு எப்படித் தெரியும்? அவ்வளவு தூரம் போய் ஓர் எண்ணைக் கேட்டுவிட்டுத் திரும்பினோம்.

சில வாரம் கழித்து லிஸ்ட் வந்தது. எங்கள் ஊர் இருந்தது. அன்று பள்ளிக்கூட வாசலில் சரவெடி வெடித்தார்கள். என் மாமனாரும் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் பெண்கள். எங்கள் தறிக்கூடத்துப் பெண்ணும் வயது கூடினாலும் பரவாயில்லை என்று வந்து சேர்ந்தாள். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அரசாணையை என் முன்னால் வைத்தார்.

"வகுப்பு வந்திருச்சுங்க. வாத்தியார் வரலீங்க."

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். தரம் உயர்த்துவதற்கு ஒரு ஆணை, ஆசிரியர் பணியிடத்துக்கு வேறொரு ஆணை. முதலாவது வந்துவிட்டது. இரண்டாவதற்கு நிதித்துறை ஒப்புக்கொள்ள வேண்டும். எப்போது என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்குத்தான் பட்ஜெட் என்றால் என்ன என்று எனக்கு விளங்கியது. பள்ளிக்கூடத்தை அறிவித்தால் ஒருநாள் மேஜையைத் தட்டுவார்கள். வாத்தியார் சம்பளம் அப்படியல்ல. இந்த வருஷம் கொடுத்தால் எல்லா வருஷமும் கொடுக்க வேண்டும். அதனால்தான் முன்னதைச் சத்தமாகப் படிக்கிறார்கள், பின்னதைப் படிப்பதே இல்லை.

தமிழும் சமூக அறிவியலும் நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். கணக்கை நான் எடுத்துக்கொண்டேன். காலையில் முதல் பீரியடு பாடம், பிறகு ஊராட்சி அலுவலகம். வகுப்பில் நின்ற முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் இதை நன்றாகச் செய்வேன் என்று. இயற்கணிதத்தைப் பார்த்துப் பயந்த பிள்ளைகளிடம், தறியில் ஏற்றும் பாவுக்கு எத்தனை இழை வேண்டும் என்று கேட்டுத் தொடங்கினேன். அந்த ஊரில் அதைக் கணக்கிடத் தெரியாத வீடு கிடையாது.

அறிவியலுக்கும் ஆங்கிலத்துக்கும் யாரும் கிடைக்கவில்லை. பார்வையிட வந்த கல்வி அதிகாரி என்னைக் கரும்பலகை முன்னால் பார்த்துத் திகைத்துப்போனார்.

"தலைவர் பாடம் நடத்தறதுக்கு விதியில இடமில்லீங்களே."

"வாத்தியார் இல்லாம வகுப்பு நடத்தறதுக்கு இடமிருக்குதுங்களா?"

அவர் ஒன்றும் எழுதிக்கொள்ளாமல் போனார்.

தொடக்க விழா வைத்து, எம்.எல்.ஏ.வை ரிப்பன் வெட்ட அழைத்தோம். பந்தல், மாலை, மைக் எல்லாம் அவர் கட்சிக்காரர்களே ஏற்பாடு செய்தார்கள். ரிப்பனை வெட்டியதும் அவரிடம் மெல்லச் சொன்னேன். "மேடைக்குப் போறதுக்கு முன்னால ஒம்பதாம் வகுப்புல கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போங்க."

மறுக்கவில்லை. மாலையோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்லி உட்கார்ந்தார்கள். ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டார்கள். நான் கதவோரம் நின்றேன். யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் போயிற்று. வெளியே மைக்கில் அவர் பெயருக்கு முன்னால் பட்டங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வாத்தியார் எங்கீங்க?"

"வரமாட்டாருங்க. இது இங்கிலீஷ் பீரியடு. தினமும் இப்படித்தானுங்க."

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனிடம் திரும்பி, "வாத்தியார் வரலைன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"சத்தம் போடாம உக்காந்திருப்போமுங்க" என்றான்.

எம்.எல்.ஏ. கழுத்து மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். மணி அடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த வகுப்பில் அவ்வளவு நேரம் ஒரு சத்தமும் இல்லை. வெளியே வந்ததும் என்மேல் எரிந்து விழுந்தார்.

"மாலை போடக் கூப்பிட்டு அவமானப்படுத்திப்போட்டீங்களே அம்மணி. எங்க அரசாங்கத்தை நானே சட்டசபையில எந்திரிச்சுக் கேள்வி கேக்கோணுமா?"

"வேற யாரு கேட்டாலும் எதிர்க்கட்சிம்பாங்க. நீங்க கேட்டாத்தானுங்க பதில் வரும்."

அக்காவும் விடவில்லை. "எங்க ஊரு ஓட்டு உங்களுக்கு இல்லைன்னீங்க. இன்னிக்கு ஊரே வந்து நிக்குது பாருங்க" என்று பந்தலைக் காட்டினார். மேடையில் அவர் பேசியது சில நிமிஷந்தான். பள்ளியைக் கொண்டு வந்தது தான் என்று சொல்லவில்லை. "வாத்தியாரோட வாரேன்" என்று மட்டும் சொன்னார்.

அவர் கேட்டார். அடுத்த கூட்டத்தொடரில் எழுந்து, தரம் உயர்த்திய பள்ளிகளில் ஆசிரியர் இல்லாமல் பிள்ளைகள் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது என்று கேட்டதாகப் பேப்பரில் உள்பக்கத்தில் சின்னதாக வந்திருந்தது. எங்கள் ஊருக்கு மட்டுமல்ல, அந்த லிஸ்ட்டில் இருந்த எல்லாப் பள்ளிகளுக்கும் சேர்த்துத்தான் கேட்டிருந்தார். பட்ஜெட்டுக்குப் பிறகு கொண்டுவரும் துணை மதிப்பீட்டில் பணம் ஒதுக்கினார்கள். பொங்கல் கழிந்து ஆசிரியர்கள் வந்து சேர்ந்தார்கள்.

கணக்குக்கு வந்தவர் கொடுமுடிக்காரர், சின்ன வயசு டீச்சர். எதுவரைக்கும் நடத்தியிருக்கிறேன் என்று பாடப்புத்தகத்தில் காட்டினேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "வடிவியல்ல இன்னும் கொஞ்சம் போகணுமுங்களே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது சரி. வடிவியல் எனக்கு எப்போதுமே இரண்டாம் பட்சம். சாக்பீஸை அவர் கையில் கொடுத்துவிட்டு நடந்தே ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். வழியெல்லாம் சிரிப்பாக இருந்தது. ஒரு வேலையை விட்டுப் போவதற்காக அவ்வளவு பாடுபட்டவள் அந்த வட்டாரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இரண்டாயிரத்தில் முதல் செட் பத்தாவது பரீட்சை எழுதியது. பெரும்பாலும் தேறிவிட்டார்கள். தவறியவர்கள் சிலர் அடுத்த முறை எழுதித் தேறினார்கள். அக்காவின் மகள் அப்போது ஒன்பதாவதை முடித்திருந்தாள். என் மாமனார் வெளியூர்ப் பந்திகளில், "எங்க ஊட்டுல கொண்டு வந்த பள்ளிக்கூடமுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை. நானும் அந்த வீடுதானே.

அதே கோடையில் பக்கத்து ஒன்றியத்திலிருந்து ஒரு ஊர்க்காரர்கள் ஸ்வீட் பெட்டியோடு வந்தார்கள். அவர்கள் பள்ளியும் லிஸ்ட்டில் வந்துவிட்டதாம். தொடக்க விழாவுக்கு நான் வர வேண்டுமாம்.

"வாரேனுங்க" என்றேன். "பணியிட ஆணை வந்திருச்சுங்களா?"

"வாத்தியாருக்குத் தனி ஆணை வேற இருக்குதுங்களா?" என்றார்கள். உட்காரச் சொல்லி, உள்ளே போய் எல்லோருக்கும் காபி போடச் சொன்னேன். பேச நிறைய இருந்தது.